சூளைக்காரர் மழையைக் கட்டிய வருடம்

என் கணவரால் மழையை நிறுத்த முடியும் என்று ஓர் ஊரே நம்பியது. சட்டைப் பொத்தானைச் சரியான துளையில் மாட்டத் தெரியாத மனிதர் அவர். கையில் குடையை வைத்துக்கொண்டே குடை எங்கே என்று வீடு முழுக்கத் தேடுகிறவர். அப்படிப்பட்டவர் வானத்தைக் கட்டிப்போட்டுவிட்டார் என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அது 1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையைவிட்டு உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. நான் அங்கே அரசுப் பள்ளியில் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். கணவருக்கு ஏரிக்கரையை ஒட்டிச் செங்கல் சூளை. இப்போது அந்த இடத்தில் கார் சீட்டு செய்கிற கம்பெனியின் நீளமான ஷெட் இருக்கிறது. அன்றைக்கு அங்கே புகையும், களிமண் பள்ளங்களும், வரிசையாக அடுக்கிய பச்சைக்கல்லும்தான். சுடாத செங்கல்லைத்தான் எங்கள் பக்கம் பச்சைக்கல் என்போம்.

அந்த வருடம் மே மாதத்தில் உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் எங்கள் தாலுகாவுக்கு வந்து போனார்கள். போலீஸ் ஜீப்புகள் கொஞ்ச நாள் ஊர் ஊராகச் சுற்றின. அதெல்லாம் அடங்கியபிறகு எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் சொந்தக் கவலைக்குத் திரும்பினார்கள். மழை இல்லை.

மழை இல்லை என்பதுகூடச் சரியில்லை. எங்கள் ஊருக்கு மட்டும் இல்லை. ஆடி மாதம் சாயங்காலங்களில் மேகம் திரண்டு வரும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். இறங்குகிறவர்கள் ஈரக் குடையை உதறிக்கொண்டே இறங்கி எங்கள் ஊர்ப் புழுதியில் கால் வைப்பார்கள். மண்ணூரில் நல்ல மழை என்பார் ஒருவர். சுங்குவார்சத்திரத்தில் சாலையில் தண்ணீர் ஓடுகிறது என்பார் இன்னொருவர். எங்கள் ஊருக்கு இடி மட்டும் கேட்கும்.

பக்கத்து ஊருக்குக் கிடைத்து நமக்குக் கிடைக்காவிட்டால் அதற்கு யாராவது காரணமாக இருந்தாக வேண்டும். வானம் என்று ஒன்று தன்பாட்டுக்கு இருக்கும் என்று ஒத்துக்கொள்ள எவருக்கும் மனம் வராது. ஊருக்குத் தெற்கே ஒரு குன்று இருந்தது. அதைப் பாதி வெட்டித் தின்றுவிட்ட கல்குவாரியும் இருந்தது. ஆனால் குவாரி எங்கள் பிரசிடெண்டின் மச்சானுடையது. ஆகவே பழி சூளைக்கு வந்தது.

என் கணவர் புதுப்பானையில் தண்ணீர் ஊற்றி, சிவப்புத் துணியால் வாயைக் கட்டி, சூளைக்கு அடியில் புதைத்துவிட்டாராம். பச்சைக்கல் காய்கிற வரைக்கும் மேகம் ஏரிக்கரையோடு திரும்பிப் போய்விடுமாம். சூளைக்காரர்களுக்கு மழை ஆகாது என்பது உண்மை. மழை வந்தால் பச்சைக்கல் கரைந்து சேறாகும். அவ்வளவு உண்மையை வைத்துக்கொண்டு மீதியை ஊரே அடுக்கிக் கட்டியது.

எனக்கு அது வகுப்பில்தான் தெரியவந்தது. கரும்பலகையில் மலை, கடல், காற்று என்று பாடப்புத்தகத்துப் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். காற்று மலைமேல் ஏறுகிறது, குளிர்கிறது, இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வறட்சி. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், நம்ம ஊர்லயும் மலை கீதே. ஏன் பேய மாட்டேங்குது?"

"அது மலையில்லம்மா, குன்று. ஆடு ஏறி இறங்குற உயரம். மேல போற காத்துக்கு அது இருக்கறதே தெரியாது."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "மலைல இன்னா கீது டீச்சர்? எல்லாம் உங்க சூளைலதான் கீது!"

வகுப்பே சிரித்தது. நான் திரும்பி வரைந்து முடித்த மலையையே மறுபடி வரைந்தேன். 

மத்தியானம் சக ஆசிரியை ஒருத்தி பானைக் கதை முழுவதையும் ஒப்பித்தாள். அவள் விஞ்ஞானம் நடத்துகிறவள். கடைசியில் தாழ்ந்த குரலில், "நெஜமாவே ஒண்ணும் பொதைக்கலையாப்பா?" என்று கேட்டாள். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். கோபத்தில் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்டியா சொல்றாங்க? யாரு, பிரசிடெண்டே சொன்னாரா?"

"யார் சொன்னா என்ன? நாளைக்கே போய் இல்லைன்னு சொல்லுங்க."

"சொன்னா நம்பவா போறாங்க? வுட்டுத் தள்ளு."

விட்டுத் தள்ளவில்லை அவர். மறுநாளிலிருந்து நடையே மாறிவிட்டது. டீக்கடையில் யாராவது, "இன்னாண்ணே, எப்ப அவுத்து வுடப்போறே?" என்று கேட்டால், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். மீசையைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். "பாக்கலாம்" என்பார். அதுவரை அவரை ஏய்க்காத மண் வண்டிக்காரன் இல்லை. இப்போது எதிரே வருகிற சைக்கிள்காரர்கள் இறங்கி வழிவிட்டார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்துப்போயிற்று. பயத்தில் வருகிற மரியாதை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை.

அவருக்குக் கிடைத்தது மரியாதை. எனக்குக் கிடைத்தது வேறு. பால் ஊற்றுகிற அம்மா மாடு மடி வற்றிவிட்டது என்று நின்றுகொண்டாள். அதே மாட்டின் பால் அடுத்த வீட்டுக்குப் போவதை நான் ஜன்னலில் பார்த்தேன். அடிபம்பில் நான் குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் நகர்ந்தன. எங்கள் கொல்லையிலிருந்து தினம் கறிவேப்பிலை பறித்துப் போகிற பக்கத்து வீட்டுக்காரி, பறிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஆவணி பிறந்ததும் கோவில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெண்களைக் கூப்பிடுகிற வழக்கமில்லை. என்னைக் கூப்பிட்டார்கள், படித்தவள் என்று. படித்தவளைக் கூப்பிட்டது கேட்பதற்கு இல்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டு கணவரை மடக்குவதற்கு.

பிரசிடெண்ட் ஆரம்பித்தார். "டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் பேயுது. நம்ம ஊர்ல மட்டும் ஏன் இல்ல?"

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த மாதங்களில் காற்று மேற்கேயிருந்து வீசுகிறது. மத்தியானத்துக்குமேல் மெட்ராஸ் பக்கத்திலிருந்து கடற்காற்று உள்ளே வருகிறது. இரண்டும் முட்டுகிற இடத்தில் மேகம் எழும்பும், அங்கே பெய்யும். அந்த இடம் இன்றைக்கு மண்ணூராக இருக்கும், நாளைக்கு வேறு ஊராக இருக்கும். பொட்டல் நிலம் சீக்கிரம் சுடும், ஏரித் தண்ணீரும் நெல்வயலும் மெதுவாகச் சுடும். மரம் இருந்தால் ஒரு மாதிரி, இல்லாவிட்டால் ஒரு மாதிரி. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

"யாருக்கு எவ்ளோ பங்கு? அத்தச் சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாதுங்க. நம்ம ஊர் அளவுக்கு யாராலும் சொல்ல முடியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா கவர்மெண்ட்ல டீச்சர் வேலை குடுத்தாங்க?"

மண்டபம் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பின்னாலிருந்து ஒருவர் குன்றைப் பற்றிப் பேச்செடுத்தார். "முன்னெல்லாம் மேகம் அந்த மலை மேல குந்திக்கினு அப்புறமாப் பேயும். இப்ப குந்தறதுக்கு எடமே இல்ல. வெட்டி எடுத்துட்டாங்க."

மேகத்துக்கு என்ன முட்டி வலியா, வழியில் உட்கார்ந்து எழுந்து போக? ஆனால் அந்த ஆள் குவாரியின் பெயரையாவது எடுத்தாரே என்று இருந்தது. பிரசிடெண்ட் கையை உயர்த்தினார். "மலைப் பேச்சு வாணாம். மலை இன்னா? வெறும் கல்லு. கல்லு இன்னாத்த பண்ணும்?" அதோடு அந்தக் கல் மண்டபத்தைவிட்டு வெளியே போயிற்று.

மழை பெய்கிற வரைக்கும் சூளை மூட்டக் கூடாது என்று தீர்ப்பானது. என் கணவர் எழுந்து, "ஊர் சொன்னா சரி" என்றார். ராஜா நாட்டைத் தானம் கொடுக்கிற தோரணை. நான் சுற்றிலும் உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தேன். எங்கள் சூளைக்கு மேல்மண்ணை வெட்டி விற்காத ஒரு நிலக்காரர் அந்த மண்டபத்தில் இல்லை. ஏரிக்கரைப் பனைமரங்களைச் சூளை விறகுக்கு வெட்டிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். வயலை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி விற்றுவிட்டு, அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டு, வானத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று புகார் சொன்னார்கள்.

அடுத்து வந்தார் ஒரு பேராசிரியர். மரம் நடுகிற திட்டத்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் தைலமரக் கன்றுகளோடு மெட்ராஸிலிருந்து அவரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பள்ளி மைதானத்தில் கூட்டம். வெயிலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். பேராசிரியர் நல்ல மனிதர்தான், நன்றாகத்தான் பேசினார். காடு அழிந்தால் மழை குறையும், காடு வளர்ந்தால் மழை வளரும் என்றார். நிலத்துத் தண்ணீரை உறிஞ்சுகிற தைலமரம் நட்டுவிட்டுக் காடு என்று சொல்கிறார்களே என்று எனக்குள் எரிந்தது. பிரசிடெண்ட் குழியில் கன்றை வைத்தார். போட்டோ எடுத்தார்கள்.

அதோடு போயிருந்தால் தேவலை. கூட்டத்திலிருந்து ஒருவர், "சார், செங்கல் சூளை இருந்தா மழை வராதுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படிச் சொல்ல முடியாது. இன்னும் சொல்லப்போனால், வெப்பம் காற்றை மேலே எழுப்புகிறது. காற்று மேலே எழும்பினால் மேகம் உருவாகும். ஆகவே, மிகப் பெரிய வெப்பமாக இருந்தால், கொள்கை அளவில், மழைக்கு அது உதவக்கூடும்."

நான் எழுந்து ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் 'கூடும்' என்கிற சொல்லை யாரும் கேட்டதில்லை. அவர் வாய்க்கும் அவர்கள் காதுக்கும் நடுவில் அந்தக் 'கூடும்' புழுதியில் விழுந்துவிட்டது. மிகப் பெரிய வெப்பம் என்றதும் விழுந்துவிட்டது. ஜீப் கிளம்பிய பிறகு நான் பிரசிடெண்டிடம் போய், "அவர் சொன்னது காட்டுத் தீ மாதிரி பெரிய நெருப்புங்க. நம்ம சூளை அதுக்கு ஒரு பீடி நெருப்புக்குச் சமம்" என்றேன்.

"நீங்கதான் தெரியாதுன்னு சொல்லிட்டீங்களே டீச்சர்" என்றார் அவர். "தெரிஞ்சவரு சொல்லிட்டுப் போயிட்டாரு."

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் கூட்டம். சூளையை மூட்டாதே என்று தீர்ப்புச் சொன்ன அதே ஆட்கள்.

"அண்ணே, சூளைய மூட்டுங்க."

"மூட்டக் கூடாதுன்னீங்களே?"

"அது அப்போ. இப்ப சயன்ஸே சொல்லுது. நல்லா நெருப்பு வுடணும். வெறகு பத்தலைன்னா நாங்க தர்றோம்."

அன்றைக்குத்தான் என் கணவர் முகத்தில் முதன்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். சூளைக்குள் ஏற்கெனவே அடுக்கியிருந்தது கொஞ்சம். அதைப்போல் பல மடங்கு பச்சைக்கல் களத்தில் திறந்த வெளியில் காய்ந்துகொண்டிருந்தது. மழை வந்தால் அவ்வளவும் சேறு. மழை வராவிட்டால், மூட்டியும் வரவில்லையே, பானையை எடுக்கவில்லை போலிருக்கிறது என்று ஆகும். அவர்கள் போனபின் உள்ளே வந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா பண்றது?"

"வானத்தைப் பாத்து மீசையத் தடவுங்க" என்றேன். 

நல்ல நாள் பார்த்து மூட்டினார்கள். பிரசிடெண்டே தேங்காய் உடைத்தார். சூளை வாயில் நெருப்பு வைக்கும்போது ஊரில் பாதி நின்று கும்பிட்டது. பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வூட்டுக்காரர் கைலதாங்க்கா இருக்குது" என்றாள். பால் மறுபடி வந்தது. மடி வற்றிய மாடு எப்படிக் கறந்தது என்று நான் கேட்கவில்லை.

சூளை எரிந்தது. இரவும் பகலும் எரிந்தது. வானம் வெளுத்துக் கிடந்தது. டீக்கடையில் மறுபடி முணுமுணுப்பு தொடங்கிய சமயத்தில், ஒரு நாள் சாயங்காலம், பள்ளி விட்டு நான் வந்துகொண்டிருந்தபோது கிழக்கேயிருந்து சில்லென்று காற்று அடித்தது. மேற்கே மேகம் சுவர் மாதிரி எழும்பி நின்றது. நான் வீட்டுக்குப் போகாமல் களத்துக்கு ஓடினேன்.

பச்சைக்கல் அறுக்கிறவர்கள் செய்யாறு பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கி வேலை செய்கிறவர்கள். ஏற்கெனவே பனையோலையையும் தார்ப்பாயையும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு ஓடினார். நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓலை சுமந்தேன். முதல் சொட்டுகள் புளியங்கொட்டை அளவுக்கு விழுந்தன. அடுத்து வந்ததைச் சொட்டு என்று சொல்ல முடியாது. காற்று ஓலைகளைப் பிடுங்கி ஏரிக்குள் எறிந்தது. நேராக நின்ற வரிசைகள் எங்கள் கண் முன்னால் தோள் சரிந்து, குழைந்து, பழைய மண்ணாகவே ஆயின. கல் அறுக்கிற பெண் ஒருத்தி கடைசி வரிசைமேல் தன் உடம்பையே குடையாகக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். நான் போய் அவளை இழுத்தேன். "இது எங்க கை பாடுபட்டதும்மா" என்று சொல்லி அழுதாள். அவளை யாரும் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை.

நின்றபிறகு பார்த்தால், மழை எங்கள் களத்திலும் ஏரியின் கிழக்குக் கரையிலும்தான் அடித்திருந்தது. மேற்கே வயல்களில் புழுதி அடங்குகிற அளவுக்குத் தூறல். ஊருக்குள் வாசல் தெளித்த மாதிரி. அவ்வளவுதான்.

காலையில் ஊர் வந்து களத்தைப் பார்த்தது. யாராவது ஒருவர் அடடா என்று சொல்வார் என்று காத்திருந்தேன். பிரசிடெண்ட் சேற்றில் செருப்பு புதையாமல் ஓரமாக நின்றுகொண்டு, "பாத்தீங்களா, மழையத் தன் பக்கமே இழுத்துக்கினாரு" என்றார்.

இராத்திரி முழுவதும் களத்திலேயே உட்கார்ந்திருந்த என் கணவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "ஆமா, நான்தான் வர வச்சேன்" என்றார். "கொஞ்சம் பொறுங்க. உங்களுக்கும் வரும்." அவர்கள் தலையாட்டினார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஐப்பசியில் எல்லா வருடமும் போலப் பருவமழை வந்தது. கடற்கரையிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் ஓர் ஊர் விடாமல் பெய்தது. எங்கள் ஊரில் அதற்கும் என் கணவருக்கு மாலை போட்டார்கள். அவர் வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஏரி நிரம்பவில்லை. பெய்த மழைக்கு நிரம்பி வழிந்திருக்க வேண்டும். வரத்துக்கால்வாயில் குவாரித் தூசு கொட்டிக் கிடந்தது. மீறி வந்த தண்ணீர் எங்கள் சூளைப் பள்ளங்களிலும், மேல்மண் விற்ற வயல் குழிகளிலும் தேங்கி நின்றது. நான் நானாகவே போய் ஊர்க்கூட்டத்தில் அதைச் சொன்னேன். மழை எங்கே விழும் என்பதில் நம் கை எவ்வளவு என்று தெரியாது, விழுந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதில் முழுக்க நம் கைதான், கால்வாயைத் தோண்டலாம் என்றேன். என் கணவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பிரசிடெண்ட் சிரித்தார். "மழைதானே கேட்டோம் டீச்சர்? அதான் வந்துச்சே." கூட்டம் கலைந்தது. தண்ணீர் போன விஷயத்தில் அங்கே இருந்த எல்லாருக்கும் பங்கு இருந்தது. எல்லாருக்கும் பங்கு உள்ள ஒன்றைப் பற்றி எவன் கூட்டம் போடுவான்?

அடுத்த சித்திரையில், சுங்குவார்சத்திரத்துக்கு அப்பால் ஓர் ஊரிலிருந்து ஆட்கள் டிராக்டரில் வந்தார்கள். தங்கள் ஊரில் மழையில்லையாம். சூளை ஒன்று போட்டு மூட்டித் தர வேண்டுமாம். நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் மறுப்பார் என்று கடைசி நிமிடம் வரை நம்பினேன். வெள்ளை வேட்டி கேட்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு, டிராக்டரில் முன்னால் ஏறி உட்கார்ந்து போனார்.

ஒரு வாரம் போலக் கழித்துப் பஸ்ஸில் திரும்பி வந்தார். டிராக்டர் கொண்டுவந்து விடவில்லை. வேட்டி முழுக்கக் கரி. சட்டையில் மேல் பொத்தான் கீழ்த் துளையில். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடித்து முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்த ஊர் மண்ணு சரியில்ல."